திறப்பு விழாவுக்கு மறுநாள்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ஐயா அவர்களே, வர்த்தகச் சங்கத்துப் பெரியவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்து உதவிய கல்லூரி முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய கைத்தறிப் பொன்னாடைக்கு நன்றி. கர்னல் ஐயாவைப் போன்றவர் அமர்ந்திருக்கும் மேடையில் படைபலத்தைப் பற்றி நான் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அழைப்பிதழில் 'பொருளாதாரம், கட்டமைப்பு, படைபலம்' என்று மூன்றையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆகவே மூன்றையும் பேசுவேன்.

முதலில் பொருளாதாரம். 1991-இல் நம் கையில் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும். ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறக்குறைய 47 டன்னை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தோம். வீட்டு நகை அடகுக்கடைக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு அந்த அவமானம் புரியும். இன்று கையிருப்பு 60,000 கோடி டாலருக்கு மேல். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறைக்கு மட்டும் 6.81 லட்சம் கோடி ரூபாய். கொச்சியில் நாமே கட்டிய விமானந்தாங்கிக் கப்பலை 2022-இல் கடற்படையில் சேர்த்தோம். நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம், தவறில்லை.

ஆனால் என் பாட்டி சொல்வாள்: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும், சொல்லும்படியாகத்தானே நாடு இருக்கிறது! இரண்டாவது தலைப்பான கட்டமைப்பில் நான் சொல்லும் அச்சாணி, கட்டியதைப் பராமரிக்கும் வேலை.

ஆவடித் தொழிற்சாலையில் டாங்கி செய்கிறோம். அது சங்கிலிச் சக்கரத்தில் உருண்டே ராஜஸ்தான் போய்ச் சேருமா? கனரக டாங்கிகள் நெடுந்தூரம் போவது ரயிலில்தான். 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு நம் தாக்குதல் படைப்பிரிவுகள் எல்லையில் போய் நிற்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. ஏன் அவ்வளவு நாள் என்பதைக் கர்னல் ஐயா விளக்குவார். நான் கேட்பது ஒன்றுதான். அத்தனை பாரமும் ஏறிப்போன அந்தத் தண்டவாளத்தை அன்று காலை யார் பார்த்தார்கள்?

இங்கே பாம்பன் கதையைச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு. புயல். தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே வாரிக்கொண்டு போனது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் தூண்கள் நின்றன, மேலே தண்டவாளத்தைத் தாங்கிய இரும்பு கர்டர்களில் பெரும்பாலானவற்றைக் காணோம்! கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. புது கர்டர்கள் வேறெங்கிருந்தோ வர வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்று ரயில்வே கணக்குப் போட்டது. இல்லை, மூன்றே மாதம் என்று மேலிடம் கட்டளையிட்டது. பொறுப்பு 32 வயது பொறியாளர் ஒருவரிடம் வந்தது. அவர்தான் பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய ஈ. ஸ்ரீதரன்.

அவர் கரையில் நிற்கிறார். கடல் இன்னும் அடங்கவில்லை. கர்டருக்கு எங்கே போவது? அப்போது மீனவர்கள் வந்து, "கர்டரெல்லாம் கடலுக்கு அடியில் கிடக்கிறது" என்றார்களாம். கடலடி நிலவரம் வலை வீசுகிறவனுக்குத்தானே தெரியும்? பிறகென்ன, அதே பழைய இரும்பைத் தேடித் தூக்கி, கரையேற்றி, செப்பனிட்டு, மீண்டும் தூண்மேல் ஏற்றினார்கள். முதலில் ஒரு நாளைக்கு ஒன்று ஏற்றுவதே பெரும்பாடு. கை பழகப் பழக வேகம் கூடியது. மூன்று மாதம் என்ற கெடு இருக்க, 46 நாளில் ரயில் ஓடியது! (கைதட்டல்.) நீங்கள் தட்டுகிற கை அந்த மீனவர்களுக்கும், இடுப்பளவு தண்ணீரில் சங்கிலி பிடித்து நின்ற தொழிலாளிக்கும் சேரட்டும். விருது பொறியாளருக்குக் கிடைத்தது, தகுதியானவர்தான். மற்றவர்களின் பெயரை நானும் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

1914-இல் திறந்த அந்தப் பாலம் உப்புக்காற்றில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நின்றதென்றால், ஆண்டாண்டாகச் சுரண்டி, பெயின்ட் அடித்து, போல்ட் முறுக்கியவர்களால் நின்றது. இரும்பு இனித் தாங்காது என்று கண்டபோது 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தோம். இது ஒழுங்கான கதை.

ஒழுங்கில்லாத கதையும் உண்டு. குஜராத்தில் மோர்பி தொங்குபாலத்தைப் பழுதுபார்த்ததாகச் சொல்லி 2022 அக்டோபர் 26-ஆம் தேதி திறந்தார்கள். நான்கே நாளில் அறுந்தது. 135 பேர் மாண்டார்கள். முக்கிய வடத்தின் கம்பிகள் துருப்பிடித்திருந்ததை விசாரணைக் குழு பிறகு கண்டுபிடித்தது. மறு ஆண்டு ஜூனில் ஒடிசாவின் பாலாசோரில் ரயில்கள் மோதின, 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சிக்னல் இணைப்பை மாற்றியபோது நேர்ந்த பிழை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. இதற்கு மேல் என்ன சொல்ல?

தண்டவாளத்தில் காலையில் ஒரு கீமேன் நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். தோளில் சுத்தியல், ஸ்பேனர், கையில் கொடிகள். ஒவ்வொரு கிளிப்பாகப் பார்த்து, தளர்ந்ததை அடித்து இறுக்கிக்கொண்டே போவார். வெயிலில் தண்டவாளம் நீண்டு நெளியும், குளிரில் சுருங்கி வெடிக்கும். அப்படி ஒரு விரிசலைக் கண்டால் சிவப்புக் கொடியோடு ஓட வேண்டும். ரயில் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் சிறு வெடிகளை, அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் மூன்று என்று தண்டவாளத்தில் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் ரயில் வருகிறது, இந்தப் பக்கம் இவர் ஓடுகிறார். இவருக்குப் பதக்கம் உண்டா, அணிவகுப்பு உண்டா? எல்லையில் நிற்பவரை வீரர் என்கிறோம். இவரைக் கேங்மேன் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

ரயில் பாதுகாப்புக்கென்றே 2017-18-இல் ஐந்தாண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் இலக்கில் தனி நிதி வைத்தார்கள். அதிலிருந்து முன்னுரிமை இல்லாத செலவுகளுக்கும் பணம் போனதாகத் தணிக்கைத் துறையின் 2022 அறிக்கை சொல்கிறது. புதுப்பாலத்துக்கு ரிப்பன் வெட்ட ஆள் வரிசையில் நிற்கிறார்கள், பழைய பாலத்துக்குக் கிரீஸ் போடத்தான் ஆளில்லை. பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, நிரப்பாமல் கிடக்கும் தண்டவாளப் பராமரிப்புப் பணியிடங்கள் ஆகிய மூன்றையும் ரயில்வே கோட்டவாரியாக ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். இதுதான் எங்கள் குழுவின் கோரிக்கை. எந்தக் கட்சிக்கும் இது எதிரானதல்ல.

படைபலம் என்ற மூன்றாவது தலைப்பு பாக்கி இருக்கிறது. தலைவர் ஐயா கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டார். அதை கர்னல் ஐயாவிடமே ஒப்படைக்கிறேன். கையெழுத்துப் படிவங்கள் வாசலுக்கு இடப்புறம் உள்ள மேசையில் இருக்கின்றன. முழு முகவரியோடு எழுதுங்கள். சென்ற முறை பாதிப் படிவங்களில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்ததால் மனுவோடு சேர்க்க முடியவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவும். வணக்கம்.