மூழ்கிய கப்பலுக்கு வயது சொல்லும் காசு

எல்லோருக்கும் வணக்கம். பாதிப்பேர் காலி வீதி பஸ்ஸில்தான் வந்திருப்பீர்கள், அந்தக் கொண்டக்டரின் பையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பழைய காசு, புதுக்காசு எல்லாம் கலந்துதான் கிடக்கும். அந்தப் பை அப்படியே கடலுக்குள் போய், நூறு வருடம் கழித்து ஒருவர் கையில் கிடைத்தால் அவர் தேட வேண்டியது கடைசியாக அடித்த காசை. அந்த ஆண்டுக்கு முன்னால் பை கடலுக்குள் போயிருக்க வழியில்லை. எவ்வளவு பின்னால் போனது? அதைக் காசு தானாகச் சொல்லாது, இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

சரி, நம்முடைய கடலுக்கே வருவோம். 1961இல் இலங்கையின் தென்கிழக்குக் கரையில் கிரிந்தைக்கு அப்பால், கிரேட் பாசஸ் பாறைத்திடலில் கடலடிப் படங்கள் எடுத்த மைக் வில்சனும் இரண்டு சிறுவர்களும் சுழியோடியபோது வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் பெயரில் சூரத்தில் அடித்தவை. சாக்கு இற்றுப்போய்விட்டது, ஆனால் காசுகள் ஒன்றோடொன்று இறுகி, பையின் வடிவத்திலேயே கட்டியாக நின்றன. ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது 1701 ஜூன் முதல் 1702 மே வரை. கலப்படமே இல்லை, எல்லாம் அதே ஆண்டு, புதுக்கருக்கு அழியாத காசு.

எனக்கு இதில் பிடித்தது அந்தப் புதுக்கருக்குத்தான். அந்தக் காலச் சராப்புகள், அதாவது காசு மாற்றுவோர், அடித்த ஆண்டு கடந்துவிட்டால் காசு தேயாவிட்டாலும் வட்டம் என்று மதிப்பில் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் மாற்றுவார்கள், அதனால் மூட்டை மூட்டையாகப் புதுக்காசு வாங்கிய வியாபாரி அதைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பழசாக்க மாட்டான், அடுத்த கப்பலிலேயே ஏற்றிவிடுவான். ஆகவே கப்பல் போனது 1702 அல்லது அதையொட்டி என்று துணிந்து சொல்லலாம். இதே ரூபாய் ஒன்றே ஒன்று, தேய்ந்து, ஒரு மாலுமியின் மடியில் கிடைத்திருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை: இப்படிக் கட்டி கைக்கு வந்தால் அமிலத்தில் போட்டுப் பிரித்துவிடாதீர்கள், சாட்சியே அந்தக் கட்டிதான்.

அப்புறம் கொடவாய. ஹம்பாந்தோட்டைப் பக்கம் 2003இல் மீனவர்கள் கண்ட கப்பல், இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. அங்கே கண்ணாடிக் கட்டிகளும் கல் அம்மியும் கிடைத்தன. ஆண்டு சொல்லும் காசு இல்லாததால், வயதுக்கு மரத்தின் கரிமத்தை அளந்து காலம் கணிக்கும் முறையைத்தான் நம்ப வேண்டியிருந்தது, அது ஓர் ஆண்டைக் காட்டவில்லை, நூற்றாண்டுக் கணக்கில் ஓர் இடைவெளியைத்தான் காட்டியது.