500 ரூபாய்க்குள் ஹைலைட்டர், மல்லிகை வாசனை: எப்படிப் பார்த்து வாங்குவது?

[காட்சி: ஜன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு முன்னங்கை. மேலே மூன்று ஹைலைட்டர் கோடுகள்.]

ஹைலைட்டர்னா கன்ன எலும்பு மேல பளபளப்புக்காகத் தடவற மேக்கப். கடை விளக்குல இந்த மூணும் ஒரே மாதிரி தங்கமா மின்னும். ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க, நடுக்கோடு மட்டும் சாம்பல் பூத்துத் தெரியுது.

காரணம் அட்டையிலயே இருக்கு. பளபளப்பைக் கொடுக்கிறது மைக்காங்கிற கனிமத் தூள், லேபிள்ல சி.ஐ. 77019 (சி.ஐ.ன்னா நிறப்பொருளுக்கான எண்). அதுக்கு மேல பூசற டைட்டானியம் டையாக்ஸைடு, சி.ஐ. 77891. இந்த ரெண்டு மட்டும்னா மினுமினுப்பு பெரும்பாலும் வெள்ளிப் பக்கம் சாயும். மாநிறத்துலயும் கருநிறத்துலயும் சாம்பல் அடிக்கும். 77491, 77492ன்னு இரும்பு ஆக்ஸைடு எண்களும் இருந்தா, தங்கம், வெண்கலச் சாயல் கிடைக்கும். ஆனா லேபிள்ல கூட்டல் கழித்தல் (+/-) குறிக்குப் பின்னாடி இருக்கிற எண்கள் அந்தப் பொருளோட எல்லா ஷேடுக்கும் சேர்த்துப் போட்டவை, உங்க ஷேடுல அது இல்லாமலும் இருக்கலாம். அதனால கையில தடவிப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க.

தடவினதும் ஒரு தரம் துடைங்க. தனித்தனிப் பொட்டா மினுங்கினா துகள் பெருசு. முகத்துல ஒவ்வொரு துளையையும் எடுத்துக் காட்டும். ஈரம் பட்ட மாதிரி ஒரே படலமா நின்னா, அதை வாங்கலாம்.

[காட்சி: கன்ன எலும்பு, நெருக்கத்தில்.]

சன்ஸ்கிரீன் போட்டு 5 நிமிஷம் விடுங்க. லிக்விட் ஹைலைட்டர்னா பவுடருக்கு முன்னாடி, பவுடர் ஹைலைட்டர்னா பவுடருக்குப் பின்னாடி. பவுடர் மேல லிக்விட் போட்டா திட்டுத்திட்டா உருண்டு வரலாம், அதைச் சரிபண்றது கஷ்டம். லிக்விட்ல ஒரு கன்னத்துக்கு ரெண்டு சின்னப் புள்ளி போதும். மோதிர விரலால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. கண்ணோட வெளி ஓரத்துக்குக் கீழே ஆரம்பிச்சு நெற்றிப்பொட்டுப் பக்கம் போங்க. கண்மணிக்கு நேர் கீழே ஒரு கோடு இருக்கிறதா நினைச்சுக்கோங்க, அதைத் தாண்டி மூக்குப் பக்கம் வரவேண்டாம். நம்ம ஊர் வெயில்ல நெற்றியும் மூக்கும் தானாவே எண்ணெய் வழியும், அங்கே ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம்.

சில நாள்ல பவுடர் கெட்டியாகி ஒட்டாம போச்சுன்னா தூக்கிப் போட்டுடாதீங்க. விரல் எண்ணெய் மேல படிஞ்சிருக்கும். செலோ டேப்பை ஒத்தி எடுத்தா அந்தப் படலம் வந்துடும்.

[காட்சி: ஒரு கிண்ணம் மல்லி மொட்டு, பக்கத்தில் மூன்று சின்ன பாட்டில்கள்.]

இப்போ வாசனை. இளவேனில்னா நமக்கு மல்லிதான். 2013ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லி சாயங்காலம் மொட்டு விரியும்போதுதான் மணக்கத் தொடங்கும். மல்லி சூடு தாங்காது, அதனால கரைப்பான் வச்சுத்தான் வழக்கமா சாரம் எடுக்கறாங்க. ஒரு கிலோ சாரத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேணும். அதனால 200 ரூபாய் ரோல்-ஆன்ல 'நூறு சதவீத மல்லிகை'ன்னு எழுதியிருந்தா நம்பாதீங்க. செயற்கை மணம் தப்பில்லை, தரம் எப்படின்னுதான் பார்க்கணும்.

மலிவான மல்லிகை வாசனைகள்ல பென்ஸைல் அசிடேட்ங்கிற மணப்பொருள் தூக்கலா இருக்கும். நிஜப் பூவுலயும் அது உண்டு: இனிப்பா, லேசா வாழைப்பழம் மாதிரி. ஆனா சீக்கிரம் பறந்துடும், அரை மணியில சோப்பு வாசம்தான் மிஞ்சும். பூவோட மணத்துக்குக் கனத்தைக் கொடுக்கிறதுல பெரிய பங்கு இன்டோல்ங்கிற இன்னொரு மணப்பொருளுக்கு. அது துளி அளவு இருந்தா மல்லி, கூடினா அந்துருண்டை.

அதனால தெளிச்ச உடனே முடிவு எடுக்காதீங்க. காகிதத் துண்டுல ஒரு ஸ்ப்ரே, ஆல்கஹால் போக 10 நொடி. பிடிச்சதை மட்டும் மணிக்கட்டுல, 15 சென்டிமீட்டர் தள்ளி ஒரே ஸ்ப்ரே. ரெண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்காதீங்க, அந்தச் சூட்டுல முதல்ல வர்ற மேல்வாசம் இன்னும் வேகமாப் போயிடும். அரை மணியில ஒரு தரம், 3 மணி நேரம் கழிச்சு ஒரு தரம் முகர்ந்து பாருங்க. ஒரு நாளைக்கு மூணு வாசனைக்கு மேல மூக்கு தாங்காது. நடுவுல காபிக்கொட்டை தேவையில்லை, வெளிக்காத்தே போதும். நிஜப் பூவோட ஒப்பிடறதா இருந்தா பாட்டிலை முதல்ல முகருங்க. பூவை முகர்ந்த மூக்குக்கு அப்புறம் எல்லாமே சப்புன்னு இருக்கும்.

சருமம் வறண்டிருந்தா மணம் நிக்காது. வாசனையில்லாத லோஷன் தடவிட்டு அதுக்கு மேல போடுங்க. பட்டுப் புடவையில நேரா அடிச்சா கறை விழும். புது வாசனையை முழங்கை உள்பக்கம் தடவி ரெண்டு நாள் பாருங்க. அரிச்சாலோ சிவந்தாலோ சோப்பு போட்டுக் கழுவிட்டு நிறுத்திடுங்க. பாட்டிலைக் குளியலறையிலயும் காரிலயும் வைக்காதீங்க, பீரோதான் சரியான இடம்.