ஹாயிலில் ஒரு கோப்பை காவா

நேயர்களுக்கு வணக்கம்.

சவுதி அரேபியாவின் வடக்கே ஹாயில் என்று ஒரு நகரம். ரியாத்திலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பக்கத்தில் அஜா, சல்மா என்று இரண்டு மலைத்தொடர்கள்; வடக்கே போனால் நஃபூத் பாலைவனத்தின் சிவந்த மணல். ஊரை ஒட்டி சம்ரா என்ற மலை. அதன்மேல் இரவில் ஒரு தீ எரியும். நர்ஸ் வேலைக்கு அந்த ஊருக்குப் போன புதிதில், அது ஏதோ ஆலையின் புகைபோக்கி என்று நினைத்தேன். என்னோடு வேலை பார்த்த சவுதிப் பெண்தான் சொன்னாள்: "அது ஹாத்திமின் அடுப்பு."

ஹாத்திம் தாயி என்ற பெயரைச் சிறுவயதுக் கதைகளில் பலர் கேட்டிருப்பீர்கள். அங்கே அவர் கதாபாத்திரம் இல்லை. அந்த மண்ணின் மனிதர். 6ஆம் நூற்றாண்டில், இஸ்லாம் தோன்றுவதற்கு முன்னால் வாழ்ந்த தய் குலத்துத் தலைவர், கவிஞர். அரபியில் இன்றைக்கும் ஒருவரின் கொடையைப் புகழ வேண்டுமென்றால் "ஹாத்திமைவிடப் பெரிய வள்ளல்" என்பார்கள். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று என் மனதை விட்டுப் போனதே இல்லை. கடுங்குளிர் இரவு, காற்று வேறு வீசுகிறது. தன் அடிமையைக் கூப்பிட்டு, "தீயை நன்றாக மூட்டு. வழி தவறிய யாராவது பார்த்துவிட்டு வரட்டும். உன் தீ ஒரு விருந்தாளியைக் கொண்டுவந்தால் உனக்கு விடுதலை" என்றாராம். யாரோ பெயர் தெரியாத ஒருவர் வாசலுக்கு வருவது, ஒரு மனிதனின் விடுதலைக்கு ஈடாக இருந்திருக்கிறது.

சவுதி அரேபியா 2019 செப்டம்பரில் சுற்றுலா விசா கொடுக்கத் தொடங்கிய பிறகு, பலர் என்னிடம் அங்கே எதைப் பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். பார்க்க நிறைய இருக்கிறது. ஹாயிலிலிருந்து ஜுப்பா என்ற ஊருக்குப் போனால் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான பாறைச் சித்திரங்களைப் பார்க்கலாம். ஆனால் நான் சொல்வது வேறு. யாராவது ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் மறுக்காமல் போய் உட்காருங்கள். நான் அப்படிப் போன ஓர் இரவைப் பற்றிச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அது ஜனவரி மாதம். ஹாயிலின் குளிர் நம்மவர்கள் நினைக்கும் அரேபியா இல்லை. விடியற்காலையில் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். இடுப்பெலும்பு முறிந்து என் வார்டில் மூன்று வாரம் இருந்த ஒரு பாட்டி, நடக்க ஆரம்பித்ததும் பேத்தியை அனுப்பி என்னை அழைத்தார். நாங்கள் நர்ஸுகள் வயதான பெண்களை 'மாமா' என்று கூப்பிடுவோம். தமிழ்க் காதுக்கு விசித்திரமாக இருக்கும். அங்கே மாமா என்றால் அம்மா.

வாசலிலேயே வரவேற்பு தொடங்கிவிட்டது. "யா ஹலா, யா ஹலா, ஹய்யாக்கில்லா" என்று ஒருவர் மாற்றி ஒருவர். எப்படி இருக்கிறாய், உடம்பு எப்படி, அம்மா எப்படி, அப்பா எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் "அல்ஹம்துலில்லாஹ்". முடிந்தது என்று நினைத்தால், உட்கார்ந்த பிறகு மறுபடி முதலிலிருந்து. முதலில் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. அப்புறம் கவனித்தேன், எதற்காக வந்தாய், எப்போது போவாய் என்ற இரண்டை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதற்குக் காரணம் பாலைவனம். அங்கே கிணறு எங்கே, அடுத்த கூடாரம் எங்கே என்பது உயிர் பிழைக்கும் விஷயம். சத்திரம் கிடையாது. இன்று உன் கூடாரத்துக்கு வந்தவனிடம் நாளை நீ போய் நிற்க வேண்டி வரும். அதனால் வந்தவனுக்கு மூன்று நாள் உணவும் தங்க இடமும் கொடுக்க வேண்டும், அதுவரை ஊர், பெயர், வந்த வேலை எதையும் துருவக்கூடாது என்பது பதூக்கள் என்ற பாலைவன நாடோடிகளின் பழைய வழக்கம். பகைக் குலத்தவனாக இருந்தாலும் சோறு உண்டு, பாதுகாப்பும் உண்டு. ஆஸ்பத்திரியில் நாங்கள் பெயர், வயது, அடையாள அட்டை எண் எல்லாம் எழுதிய பிறகுதான் ஆளையே நிமிர்ந்து பார்ப்போம். பழக்கமான அந்த வரிசையைத் தலைகீழாக அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

பெண்கள் கூடும் அறை தனி. சுவரோரமாகத் தரையில் மெத்தைகள், சாய்ந்துகொள்ளத் திண்டுகள், நடுவில் கணப்பு. பாட்டி தன் கையாலேயே காவா போட்டார். கஹ்வா என்பதை நம்மவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நீளக் கைப்பிடி வைத்த இரும்புக் கரண்டியில் பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்தார். நம் ஊர் ஃபில்டர் காப்பிக்கு வறுப்பதுபோலக் கருக்க விடவில்லை. பொன்னிறம் வந்ததும் இறக்கிவிட்டார். பிறகு நஜ்ர் என்ற பித்தளை உரலில் போட்டு இடித்தார். சும்மா இடிக்கவில்லை. இரண்டு இடி அடியில், ஒரு தட்டு விளிம்பில். மறுபடி இரண்டு, ஒன்று. மணி அடிப்பது போல ஓசை. அந்தக் காலத்தில் அந்த ஓசைதான் அழைப்பு, கேட்டவர்கள் எல்லாம் வரலாம் என்று பேத்தி சொன்னாள்.

அப்புறம் ஏலக்காய். ஒரு பிடி. உண்மையாகவே ஒரு பிடி.

என் சொந்த ஊர் போடிநாயக்கனூர். அது ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். என் அம்மா பல வருடம் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனவர். மாலையில் அவர் வீட்டுக்குள் வந்தால் சேலை, கை, தலைமுடி எல்லாம் அந்த மணம்தான். பாட்டி உரலில் காயை உடைத்ததும் அந்த மணம் எழும்பி வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பேத்தி இடது கையில் தல்லா என்ற காவாக் கூஜாவும் வலது கையில் கோப்பையுமாக வந்து ஊற்றிக் கொடுத்தாள். பிடியில்லாத சின்னக் கோப்பை, அதில் கால் பாகம்தான் காவா. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாகிவிடும். குறைவாக ஊற்றினால்தான் திரும்பத் திரும்ப ஊற்ற முடியும். விருந்தாளி கையில் எப்போதும் சூடு இருக்கும்.

எனக்குக் குடிக்க முடியவில்லை. கோப்பையை அப்படியே தரையில் வைத்துவிட்டேன்.

அறை அமைதியாகிவிட்டது. பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "கஹ்வாவைக் குடி, யா பின்தி, என் மகளே. கேட்டது கிடைக்கும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேத்தி என் காதருகே விளக்கினாள். காவாவைக் குடிக்காமல் கீழே வைத்தால், எனக்கு ஒரு தேவை இருக்கிறது, அதை நீங்கள் நிறைவேற்றித் தர வேண்டும் என்று பொருளாம். விருந்தாளி வாய் திறந்து யாசிக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழி. பெண் கேட்பது, கடனுக்கு அவகாசம் கேட்பது, ஏன், கொலைப் பழிக்கு மன்னிப்புக் கேட்பதுகூட இப்படி ஒரு கோப்பையைக் கீழே வைத்துத்தான் தொடங்குமாம்.

நான் பதறிப்போய், எனக்கு எதுவும் வேண்டாம், ஊர் நினைவு வந்துவிட்டது என்றேன். பாட்டி கேட்கவில்லை. வைத்தது வைத்ததுதான். சரி என்று அந்தப் பித்தளை உரலைக் காட்டி, "மாமா, எனக்கு அதை இடிக்கக் கற்றுக்கொடுங்கள்" என்றேன். "சாப்பிட்ட பிறகு" என்றார். அதன் பிறகுதான் கோப்பையை எடுத்தேன். சர்க்கரை இல்லாத காவா, கூடவே பேரீச்சம்பழம். போதும் என்றால் கோப்பையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டிக் கொடுக்க வேண்டும். வாயால் போதும் என்று சொன்னால் உபசாரம் என்று எடுத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தக் காவா வழக்கத்தையும், மஜ்லிஸ் என்ற கூடும் இடத்தையும் சவுதி, அமீரகம், ஓமான், கத்தார் நான்கும் சேர்ந்து 2015இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பதிவு செய்தன. நல்ல காரியம்தான்.

சாப்பாடு தரையில் விரித்த விரிப்பில். நமக்குப் புதிதில்லை. ஒரே பெரிய தட்டில் ஆட்டுக்கறி வைத்த கப்சா சோறு, பக்கத்தில் உடைத்த கோதுமையைக் குழைய வேகவைத்த ஜரீஷ். (இந்த ஜரீஷைத்தான் 2023இல் சவுதியின் தேசிய உணவாக அறிவித்தார்கள்.) பாட்டி தான் சாப்பிடுவதை மறந்து நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். தீர்ந்துபோனால் மரியாதைக் குறைவு என்பதால் தேவைக்கு மேல்தான் சமைக்கிறார்கள். அது எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. விருந்துகளில் மிஞ்சும் உணவைச் சேகரித்துத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்கும் அமைப்புகள் அங்கேயே வந்திருப்பது ஒரு நிம்மதி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அதே நாட்டில், மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காமல், ஊருக்கும் போக முடியாமல் தவித்த நம் ஆட்களை என் வார்டில் பார்த்திருக்கிறேன். விருந்தாளியாகப் போகிறவருக்கும் வேலையாளாகப் போகிறவருக்கும் அந்த மண்ணில் கிடைக்கும் வாசல் ஒன்றல்ல. ஆனால் ரமலானில் பள்ளிவாசல் பக்கத்துக் கூடாரத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால், எந்த நாட்டுத் தொழிலாளியானாலும் எதுவும் கேட்காமல் உணவு வைப்பார்கள். அந்த ஒரு வேளையில் இருக்கும் பழைய பாலைவன வழக்கம் மற்ற நாட்களிலும் சம்பளப் பட்டியல் வரைக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, உரலுக்கு வருகிறேன். சாப்பாடும் தேநீரும் முடிந்து இரண்டாம் தடவை காவா. பாட்டி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து உலக்கையைக் கையில் கொடுத்தார். அடியில் இரண்டு, விளிம்பில் ஒன்று. என் கைக்கு அது வரவில்லை. விளிம்பில் தட்டும்போது ஓசை செத்துப்போனது. பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, "தளர்த்து, தளர்த்து" என்றார். மூன்று வாரம் நான் பிடித்து நடக்கவைத்த கை அது. கொஞ்ச நேரத்தில் ஓசை எழும்ப ஆரம்பித்தது. ஏலக்காய் போட்டு இடித்தேன்.

அப்போது வெளியே செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டு அம்மா போர்வையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "இது உன் கை இல்லையே, யார் இடிப்பது?" என்று பாட்டியிடம் கேட்டார். பின்னாலேயே அவர் மருமகளும் வந்துவிட்டாள். இன்னும் இரண்டு கோப்பைகள் வந்தன.

கிளம்பும் முன் ஊது கொண்டுவந்தார்கள். அகில் கட்டையைக் கங்கில் வைத்துப் புகைப்பது. ஊது வந்துவிட்டால் இனி உட்காருவது இல்லை என்று அவர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு. எழுந்துபோ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் தலைமுக்காட்டுக்குள் புகையை வாங்கிக்கொண்டார்கள். என் சேலையை எப்படிச் செய்வது என்று பேத்தி தயங்கினாள். பாட்டி முந்தானையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, தூபக்காலை அதன் அடியில் மெதுவாக நகர்த்தினார். துணியின் நெசவு வழியே புகை நூல் நூலாக மேலே வந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வியாழன் எங்கள் வீட்டில் நீதான் இடிக்க வேண்டும்" என்றார்.

போனேன்.

நன்றி, வணக்கம்.