பெர்லினில் கேட் கிடையாது, செக்கர் உண்டு

(காட்சி: ஊ-பான், அதாவது பெர்லின் மெட்ரோ நிலையப் படிக்கட்டு. மக்கள் நேராக நடைமேடைக்கு இறங்குகிறார்கள்.)

பெர்லின் மெட்ரோவுக்கு முதல்முறை போகிறவர்கள் கேட்டைத் தேடுவார்கள். கார்டை எங்கே தட்டுவது? எங்கேயும் இல்லை. படியிறங்கினால் நடைமேடை, நடைமேடையில் ரயில். டிக்கெட் இல்லாமல் ஏறினாலும் தடுக்க ஆள் கிடையாது. ஆனால் ரயில் கிளம்பி, கதவு மூடியதும், பக்கத்தில் ஜீன்ஸும் ஜாக்கெட்டுமாக நின்றுகொண்டிருந்த ஆள் அடையாள அட்டையை எடுத்து "ஃபார்ஷைனே, பிட்டே" என்பார். டிக்கெட் காட்டுங்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் 60 யூரோ.

இதில் மாட்டுகிறவர்களில் டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு. இயந்திரத்தில் வாங்கும் காகித டிக்கெட், வாங்கினால் மட்டும் செல்லாது. முத்திரை அடிக்க வேண்டும்.

(காட்சி: நடைமேடையில் இடுப்புயரப் பெட்டி. டிக்கெட்டின் முனையை ஒரு கை துளைக்குள் நுழைக்கிறது. "டக்".)

நடைமேடையில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ நிற்கும் இந்தச் சின்னப் பெட்டிதான் அது. டிக்கெட்டில் அம்புக்குறி போட்ட முனையைத் துளைக்குள் தள்ளுங்கள். "டக்" என்று சத்தம் கேட்கும், தேதியும் நேரமும் பதியும். மை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஆப்பில் வாங்கினால் முத்திரை தேவையில்லை, ஆனால் ஏறுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். செக்கரைப் பார்த்த பிறகு வாங்கினால், வாங்கிய நேரமே காட்டிக்கொடுத்துவிடும். போனில் சார்ஜ் தீர்ந்து காட்ட முடியாமல் போனாலும் டிக்கெட் இல்லாத கணக்குதான்.

அடுத்தது மண்டலம். ஊரைச் சுற்றும் எஸ்-பான் என்னும் நகர ரயில் வட்டத்துக்குள் ஏ, அங்கிருந்து நகர எல்லை வரை பி, அதற்கு வெளியே சி. ஊருக்குள் சுற்ற ஏபி டிக்கெட் போதும். ஆனால் 2020 அக்டோபரில் திறந்த பெர்லின் விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, அரண்மனைகளுக்காக எல்லோரும் போகும் போட்ஸ்டாமும் அப்படியே. விமான நிலையத்திலிருந்து ஏபிசி டிக்கெட் எடுங்கள். மத்திய ரயில் நிலையத்துக்குப் போகும் எஃப்இஎக்ஸ் விரைவு ரயிலுக்கும் அதே டிக்கெட்தான், கூடுதல் கட்டணம் இல்லை. திரும்பும் நாளில்தான் மறதி வரும்: கையில் ஏபி நாள் டிக்கெட் இருக்கிறதே என்று அப்படியே ஏறிவிடுவார்கள். அதனுடன் ஓர் இணைப்பு டிக்கெட் சேர்த்து வாங்கினால் போதும், புதிதாக முழு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

தனி டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், ஒரே திசையில் மட்டும். இடையில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், வந்த வழியே திரும்பக் கூடாது. இன்னும் குறைந்த விலையில் குறுந்தூர டிக்கெட் உண்டு: ரயிலில் மூன்று நிறுத்தம், பஸ், டிராமில் ஆறு நிறுத்தம். ஒரே நாளில் மூன்று தடவை ஏறுவீர்கள் என்றால் 24 மணி நேர டிக்கெட்டே லாபம். ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.

அந்த 24 மணி நேர டிக்கெட்டை வைத்துக்கொண்டு 100-ஆம் எண் பஸ்ஸின் மாடியில் முன் சீட்டைப் பிடியுங்கள். அலெக்சாண்டர்பிளாட்ஸிலிருந்து மியூசியம் தீவு, ரைஷ்ஸ்டாக் என்னும் நாடாளுமன்றக் கட்டடம், வெற்றித் தூண் வழியாக உயிரியல் பூங்கா வரை போகும். காசைக் கொட்டிக்கொடுத்து ஏறும் சுற்றுலா பஸ் பெரும்பாலும் இதே இடங்களைத்தான் காட்டுகிறது.

(காட்சி: நடைபாதையில் சிவப்புக் கல் பதித்த பட்டை. சைக்கிள் மணி.)

இறங்கியதும் காலடியைப் பாருங்கள். நடைபாதையிலேயே சிவப்பாக ஓடும் பட்டை சைக்கிள்காரர்களுடையது. அங்கே நின்று படம் எடுத்தால் மணி அடிப்பார்கள், வேகத்தைக் குறைப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், சட்டமே அப்படி. சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். மறந்தால் மத்திய நிலையம் போன்ற பெரிய ரயில் நிலையக் கடைகள், இல்லாவிட்டால் 'ஷ்பேட்டி' என்னும் தெருமுனைக் கடைகள்.

தண்ணீர் பாட்டில் வாங்கினால் பில்லில் 25 சென்ட் கூடுதலாக இருக்கும். ஏமாற்று இல்லை, முன்பணம். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திரும்ப வரும். ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25, சாதாரண பீர் பாட்டிலுக்கு 8.

(காட்சி: சூப்பர் மார்க்கெட் சுவரில் வட்டத் துளை. நசுங்கிய பாட்டில் வெளியே வருகிறது.)

இந்தத் துளைக்குள் பாட்டிலைப் படுக்க வைத்துத் தள்ளுங்கள். உள்ளே இயந்திரம் அதைச் சுழற்றி பார்கோடைப் படிக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் பாட்டிலைக் கசக்கியிருந்தால், லேபிளைக் கிழித்திருந்தால், படிக்க முடியாமல் துப்பிவிடும். முடிந்ததும் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதே கடையின் கல்லாவில் கொடுங்கள், பில்லில் கழிப்பார்கள் அல்லது காசாகத் தருவார்கள். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வையுங்கள். அதைச் சேகரித்துப் பிழைக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

உணவகத்தில் தண்ணீர் கேட்டால் காசுக்குத்தான் வரும், பெரும்பாலும் சோடாவாக. சோடா வேண்டாம் என்றால் "ஷ்டில்" என்று சொல்லுங்கள். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வரும் வழக்கமில்லை. பில் 18 யூரோ 20 சென்ட் என்றால், பணத்தை நீட்டும்போதே "ஸ்வான்ட்ஸிக்", அதாவது இருபது என்றால் புரிந்துகொள்வார்கள். கார்டு வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன, ஐம்பது யூரோவாவது ரொக்கம் வைத்திருங்கள்.

மியூசியம் தீவுக்குக் கிளம்புமுன் ஒன்று. பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் புதுப்பிப்புக்காக முழுதாக மூடப்பட்டது, பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி நிற்காதீர்கள். எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் சிலை, பக்கத்திலுள்ள நொய்யஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அறையில் படம் எடுக்க அனுமதியில்லை. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை.

ரைஷ்ஸ்டாக்கின் உச்சியிலுள்ள கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முன்பதிவு இல்லாமல் மேலே விடமாட்டார்கள். நாடாளுமன்றத்தின் இணையதளத்தில், உங்களோடு வரும் ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து, நாளையும் நேரத்தையும் கேளுங்கள். மாலை நேரங்கள் சீக்கிரம் நிரம்பும், விமான டிக்கெட் உறுதியானதுமே பதிவு செய்வது நல்லது. போகும்போது அசல் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். மெட்ரோவைப் போல் இல்லை, இங்கே வாசலிலேயே காவல் உண்டு. போனில் இருக்கும் படத்தைக் காட்டிக் கெஞ்சினாலும் நடக்காது.