நல்லவாட்டு ஒலிபெருக்கியும் திரைகள் நிறைந்த அறையும்

[காட்சி: கடற்கரை ஊர். ஒரு கம்பம், அதன் உச்சியில் புனல் வடிவ ஒலிபெருக்கி. பத்து நொடிக்கு அலைச் சத்தம் மட்டும்.]

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவர் ஊரில் ஒரு தொலைபேசி மணி அடிக்கிறது. பேசுவது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்ப்பிள்ளை. இந்தோனேசியா பக்கம் பெரிய நிலநடுக்கம் என்று தொலைக்காட்சியில் பார்த்தவர், பதறிப்போய் வீட்டைக் கூப்பிட்டிருக்கிறார். இங்கே கடல் தண்ணீர் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தது. "எல்லோரும் ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள்" என்கிறார்.

ஓடுவது எளிது. ஊருக்குச் சொல்வது எப்படி? மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர். கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. அங்கிருந்த கிராமத் தகவல் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் காலியானது. சுனாமி அலையில் வீடுகளும் படகுகளும் நொறுங்கின. ஊரில் ஓர் உயிரும் போகவில்லை.

ஸ்மார்ட் நகரம் பற்றிய வீடியோவுக்கு இது என்ன தொடக்கம் என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடிக் கட்டடம், பறக்கும் ட்ரோன், நீல நிற வரைபடம் என்றுதானே வழக்கமாகத் தொடங்குவார்கள்? அதெல்லாம் பின்னால் வரும். ட்ரோன் வராது.

[காட்சி: வரைபடத்தில் வில்லியனூர். அங்கிருந்து கடற்கரை ஊர்களுக்குக் கோடுகள் கிளைக்கின்றன.]

அந்த ஒலிபெருக்கி திடீரென்று முளைத்ததல்ல. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை இடம். தொலைபேசிக் கம்பியை முழுதாக நம்ப முடியாத காலம் என்பதால் வானொலி அலை வழியாகவும் செய்தி போனது. மின்சாரத்தையும் நம்ப முடியாது. அதற்குச் சூரியத் தகடு.

வீராம்பட்டினம் மையத்தில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரக் கணிப்பு வெளியாகும். அதை வில்லியனூரில் எடுத்துத் தமிழாக்கி வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அது ஒலிபெருக்கியில் ஒலிக்கும். கட்டுமரத்தைத் தள்ளப் போகிறவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்று கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். எழுத்தறிவு வேண்டாம், கைபேசி வேண்டாம், செயலி வேண்டாம்.

எங்கோ அளந்த ஓர் எண் ஒரு மனிதரின் கையில் முடிவாக மாறுவதற்கு முழுப் பாதையும் அங்கே இருந்தது. இன்றைய ஸ்மார்ட் நகரத் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் தேடுவது அந்தப் பாதையைத்தான். முதல் பாதி பெரும்பாலும் பளபளவென்று இருக்கும். கடைசி நூறு அடியில்தான் இருட்டு.

[காட்சி: சுவர் முழுக்கத் திரைகள் உள்ள கட்டுப்பாட்டு அறை, ஓவியமாக.]

இனி திட்டத்துக்கு வருவோம். ஒன்றிய அரசு ஸ்மார்ட் நகரத் திட்டத்தை 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. 100 நகரங்கள். புதுச்சேரி 2017 ஜூனில் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலிருக்கும் கடலூர் கடைசி வரை அந்தப் பட்டியலில் இல்லை. 2021-இல்தான் அது மாநகராட்சியாகவே ஆனது. ஆனால் மழையும் ஆறும் பட்டியல் பார்த்து வருவதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்துவிட்டு நகர்ந்து போயிருந்தால் பரவாயில்லை. அப்படியே நின்றுகொண்டு பெய்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் அதிகமான மழை. அந்த அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 40 செ.மீ. மழை என்றால் 40 கோடி லிட்டர் தண்ணீர். ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் அது தேங்கி நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

இந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும்? பெரிய வாய்க்கால் வழியாகவும் உப்பாறு வழியாகவும் கடலுக்கு. ஆனால் கடல் ஏற்றத்தில் இருக்கும்போது வாய்க்காலின் வாய் அடைபட்டுவிடும். தண்ணீர் வெளியேறாது, சில சமயம் எதிர்த்திசையில் ஏறும். அதனால்தான் மழை விட்ட பிறகும் சில தெருக்களில் நீர்மட்டம் உயர்வதைப் பார்க்கிறோம். மாயமந்திரம் ஒன்றுமில்லை.

[காட்சி: பாலத்தின் அடிப்பக்கம். சிறிய பெட்டி. அதிலிருந்து கீழே தண்ணீரை நோக்கி வளையங்கள் இறங்குகின்றன.]

இங்கேதான் சென்சார் வேலைக்கு வருகிறது. பாழுங்கிணற்றில் கல்லைப் போட்டு, 'களக்' என்று கேட்கும் வரை எண்ணி ஆழம் சொல்வோமே, அதே தத்துவம். பாலத்தின் அடியில் மாட்டிய ரேடார் கருவி ஓர் அலையைக் கீழே அனுப்புகிறது. தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறது. நேரம் குறைந்தால் தண்ணீர் மேலே வந்துவிட்டது என்று பொருள். கருவி தண்ணீரைத் தொடுவதே இல்லை. அதனால் சேறும் ஆகாயத் தாமரையும் அதில் ஒட்டிக்கொள்ளாது. பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை, மேலே சின்னச் சூரியத் தகடு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும்.

அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்பது முன்பே கணித்த அட்டவணை. அடுத்த சில மணி நேரத்தில் எவ்வளவு மழை என்பது வானிலை ரேடார் சொல்வது. எந்தத் தெரு எவ்வளவு தாழ்வு என்பது நில அளவைக் கணக்கு. இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டால்தான், "இரவு இரண்டு மணிக்குக் கடல் ஏறும்; அதற்கு முன்பே பம்புகளைப் போட்டு வாய்க்காலை இறக்கி வையுங்கள்" என்று ஒருவரிடம் சொல்ல முடியும். அந்த ஒருவர் பம்ப் ஆபரேட்டர். அவர் கைபேசியில் சார்ஜ் இருக்க வேண்டும், பம்பில் டீசல் இருக்க வேண்டும், வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை அடைத்த வாய்க்காலில் சென்சார் மாட்டினால், அடைப்பு எவ்வளவு உயரம் என்று துல்லியமாகச் சொல்லும். அவ்வளவுதான்.

[காட்சி: வரைபடம் விரிகிறது. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணை கிழக்கே ஓடிக் கடலூரைத் தொடுகிறது.]

அதே புயல், அடுத்த அத்தியாயம். திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை. டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டது. கனஅடி என்றால் பலருக்கும் ஒன்றும் புரியாது. டேங்கர் லாரியில் சொல்கிறேன். 12,000 லிட்டர் லாரி ஏறத்தாழ 400, ஒவ்வொரு நொடியும். அந்தத் தண்ணீர் விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து கடலூருக்கு வந்தது. வடகரையில் புதுச்சேரியின் பாகூர் பக்கத்துக் கிராமங்களையும் விட்டுவைக்கவில்லை. ஐந்து கட்டமாக எச்சரித்தோம் என்றது அரசு. உரிய அவகாசம் தரவில்லை என்றன எதிர்க்கட்சிகள்.

அரசியலை அவர்களிடமே விட்டுவிடுவோம். நமக்குப் பாடம் வேறு. கடலூர் தன் எல்லைக்குள் ஆயிரம் சென்சார் மாட்டினாலும், தன் வெள்ளத்தின் தலைமாட்டை அது பார்க்க முடியாது. தலைமாடு வேறு மாவட்டத்தில் இருக்கிறது. ஆற்றின் ஒரு கரையில் வேறு ஆட்சிப் பகுதியே இருக்கிறது. நகரத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை என்ற கணக்கு இங்கே உதவாது. ஆற்றுக்கு ஒன்று வேண்டும். அணையின் மதகு, நடுவழியில் உள்ள நீர்மட்டக் கருவிகள், கழிமுகத்தின் கடல் ஏற்றம் ஆகிய மூன்றையும் கடலூரிலும் பாகூரிலும் இருப்பவர்கள் ஒரே நேரத்தில், ஒரே திரையில் பார்க்க வேண்டும்.

சரி, எச்சரிக்கை தயார். மக்களுக்கு எப்படிப் போகும்? 2023-இல் ஒருநாள் உங்கள் கைபேசி விநோதமாக அலறி, சோதனைச் செய்தி என்று காட்டியது நினைவிருக்கிறதா? அது செல் ஒலிபரப்பு. குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும். கூட்டம் கூடினால் வரிசையில் நிற்கும். செல் ஒலிபரப்பு அப்படியில்லை. ஒரு கோபுரம், தன் நிழலில் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். எண்ணே தேவையில்லை, சுற்றுலா வந்தவருக்கும் சேரும். நல்ல கருவி. ஆனால் புயலில் மின்சாரம் போய், கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் அது ஊமை.

பிரேசிலின் ரியோ நகரம் 2010-இல் மண்சரிவுகளில் பலரைப் பறிகொடுத்தது. அந்த ஆண்டின் இறுதியில் உலகமே வியந்த பெரிய கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்தது. எல்லோரும் திரைகளைப் படம் பிடித்தார்கள். எனக்குப் பிடித்தது அதையடுத்து 2011 முதல் மலைச்சரிவுக் குடியிருப்புகளில் அவர்கள் நிறுவிய சைரன்கள்தான். மழைமானி எல்லையைத் தாண்டினால் சைரன் ஊதும், மக்கள் வெளியேறுவார்கள். நல்லவாட்டு ஒலிபெருக்கிக்கு உறவுமுறை.

[காட்சி: இரவு. கடற்கரைச் சாலை விளக்குகள் ஒவ்வொன்றாக மங்குகின்றன.]

தெருவிளக்கு பற்றிச் சுருக்கமாக. 250 வாட் சோடியம் விளக்கின் இடத்தில் எல்இடி மாட்டினால் ஏறத்தாழப் பாதி மின்சாரம் போதும். இது அறிவுக்கூர்மை அல்ல, நல்ல பல்பு. சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிட்டு ஏற்றுவதும், எரியாத விளக்கைப் புகாருக்கு முன்பே கண்டுபிடிப்பதும், நள்ளிரவில் வெளிச்சத்தைக் குறைப்பதும் தெருமுனைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. நம் கரைக்கு இதில் தனிப் பயன் ஒன்று உண்டு. பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் ஜனவரி முதல் இந்த மணலில் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சமுள்ள பக்கம்தான் கடல் என்று நம்பி நடக்கும். தெருவிளக்கு எரிந்தால் ரோட்டுக்கு வந்துவிடும். ஆமைக் காலத்தில் கரையோர விளக்குகளை மட்டும் மங்க வைப்பது, மென்பொருளில் ஒரு வரி.

குடிநீர்க் கதை இன்னும் சிக்கல். குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க வெளிநாட்டு நூல்கள் ஓர் எளிய வழி சொல்லும்: இரவு மூன்று மணிக்கு ஓட்டமானியைப் பாருங்கள், ஊரே தூங்கும்போது ஓடும் தண்ணீர்தான் கசிவு. அருமை. ஆனால் நம் ஊரில் இரவு மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீரே இருக்காது. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். தண்ணீர் வந்ததும் எல்லா வீட்டுத் தொட்டியும் ஒன்றாக நிறையும்; கசிவு எது, தொட்டி எது என்று கருவி திணறும். இருபத்து நான்கு மணி நேரமும் நீர் ஓடும் நகரத்துக்கென்று செய்த கருவியை அப்படியே வாங்கி மாட்டினால் இப்படித்தான் ஆகும்.

இங்கே அதைவிட அவசரமான சென்சார் வேறு. புதுச்சேரி குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர். அளவுக்கு மீறி இறைத்தால் கடல் நீர் உள்ளே நுழையும். கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போன கதையை வயதானவர்கள் சொல்வார்கள். உப்பு கலந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். அந்தக் கடத்துதிறனைத் தொடர்ந்து அளக்கும் கருவியைக் கிணற்றில் இறக்கினால், நாக்குக்குத் தெரியும் முன்பே எண்ணுக்குத் தெரிந்துவிடும். எந்தக் கிணற்றுக்கு ஓய்வு கொடுப்பது, எதில் இறைப்பது என்று முடிவு செய்யலாம்.

[காட்சி: உப்பனாற்றங்கரை. தூரத்தில் புகைபோக்கிகள்.]

கடலூரில் ஒரு பழைய கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. சிப்காட் ரசாயன ஆலைகளை ஒட்டிய கிராம மக்கள், காற்று நாறுகிறது என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2004-இல் அவர்களே ஒரு பிளாஸ்டிக் வாளியும் பையும் கொண்டு காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். என்ன வாடை, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து என்று எழுதி வைத்தார்கள். பரிசோதனையில் நச்சு வாயுக்கள் தெரியவந்தன. மூக்கும் நோட்டுப் புத்தகமும்தான் அவர்களுடைய சென்சார் வலை. தூசியையும் சில வாயுக்களையும் மட்டும் அளந்து, நாற்சந்தியில் பச்சை எழுத்தில் 'காற்று நன்று' என்று காட்டும் பலகைகளைப் பார்க்கும்போது அந்த நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வரும். எதை அளப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

யாரை அளப்பது என்பதும் அப்படித்தான். கேமராக்கள் சிக்னலை மீறியவரைப் பிடிக்கும். யார் யாரோடு கடற்கரையில் நடந்தார் என்பதையும் சேர்த்துப் பிடிக்கும். கனடாவின் டொராண்டோவில் 2017-இல் அறிவித்த ஏரிக்கரை ஸ்மார்ட் குடியிருப்புத் திட்டம், தனியுரிமை பற்றிய கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 2020 மே மாதம் கைவிடப்பட்டது. கைவிட்ட நிறுவனம் பொருளாதார நிலையைக் காரணம் சொன்னது. மக்கள் கேட்ட கேள்விகளுக்குக் கடைசி வரை நிறைவான பதில் வரவில்லை. காட்சிகள் எத்தனை நாள் சேமிக்கப்படும், யார் பார்க்கலாம் என்று நம் நகர்மன்றங்களிலும் கேட்கலாம்.

[காட்சி: மீண்டும் பாலத்தின் அடிப்பக்கம். பெட்டியின் மீது தூசு.]

கடைசியாக, யாரும் ரிப்பன் வெட்டாத விஷயம். ஸ்மார்ட் நகரத் திட்டத்தின் காலம் 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. கருவிகள் இங்கேதான் இருக்கின்றன. உப்புக்காற்று ஆண்டு முழுக்க அவற்றைத் தின்றுகொண்டிருக்கும். பேட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுகள். பாலத்துக்குக் கீழே தொங்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கிறது என்றேன் அல்லவா? அதற்கும் மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்ய வேண்டும். உங்கள் பகுதி கவுன்சிலரையோ பொறியாளரையோ அடுத்த முறை பார்த்தால், அந்த ரீசார்ஜ் எந்தக் கணக்கில் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்.