தங்கை வீட்டுக்குப் போகும் கிழங்கு

(நாகர்கோவிலில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பேச ஆரம்பிக்கும் முன்பே 'சுருக்கமாக' என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது. சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பப்புவா நியூ கினியின் கிழக்கே டிரோப்ரியாண்ட் என்று ஒரு தீவுக்கூட்டம். முதல் உலகப்போர்க் காலத்தில், 1915க்கும் 1918க்கும் இடையில், போலந்தில் பிறந்த மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் அங்கே கூடாரம் போட்டுத் தங்கி, அந்த மக்களின் மொழியைப் படித்து, அவர்கள் வாழ்க்கையை எழுதினார். அங்கே முக்கியப் பயிர் நம்மூர் காச்சில் இனத்துக் கிழங்கு. அறுவடையானதும் நல்ல கிழங்காகப் பொறுக்கித் தோட்டத்திலேயே கூம்பாகக் குவிப்பார்கள். போகிறவர் வருகிறவர் பார்த்து மெச்ச வேண்டும். அப்புறம் அந்தக் குவியல் குவித்தவன் வீட்டுக்குப் போகாது. அவன் சகோதரி வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் போகும். அங்கே கிழங்குக் குடிலின் கட்டைகளுக்கு நடுவே சந்து விட்டிருப்பார்கள், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று ஊருக்குத் தெரியத்தான்! பிள்ளைக்கு அப்பா செல்லம் கொடுப்பவர். கண்டிப்பும் சொத்தும் தாய்மாமனிடமிருந்து.

'இதென்ன விசித்திரம்' என்று வேறு மாவட்டத்துக்காரர்கள் கேட்கலாம். நாம் கேட்க முடியாது. இந்த நாஞ்சில் நாட்டிலேயே வேளாளர் குடும்பங்களில் சொத்து மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்குத்தான் போனது. இதற்குப் பெயர் மருமக்கள் வழி. மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு. அந்தக் கொடுமையைக் கவிமணி, குடும்பச் சொத்தை ஆண்ட மூத்த ஆணான காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி வாய்மொழியாக 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய'த்தில் பாடினார். 1926இல் திருவிதாங்கூர் அரசு இதை மாற்றச் சட்டம் கொண்டுவந்தது. நாமும் சிரித்துக்கொண்டே அந்தக் கதையை மூடி வைத்துவிட்டோம்.

அந்தக் கிழங்கைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அங்கேயும் பெண் கணவன் ஊரில்தான் வாழ்கிறாள், அங்கேயும் அவள் மகனுக்கு அப்பன் சொத்து இல்லை. ஆனால் அண்ணன் தம்பி வீட்டுக் கிழங்கு வருடா வருடம் வந்துவிடுகிறது. அப்படியானால் நம் ஐந்தாம் மனைவியின் அண்ணன் எங்கே போனான்? வேளாவேளைக்கு அவள் வீட்டுக்கு நெல் அனுப்பும் கடமை அவனுக்கு இருந்ததா, இருந்து நின்றுபோனதா? பாட்டை எத்தனை முறை படித்தும் எனக்கு இது தோன்றியதில்லை. மேகாலயாவின் காசி மக்களைப் பாருங்கள், பூர்விகச் சொத்து கடைசி மகளுக்கு. நம்மிடம் அன்று வழி பெண் வழி, சாவி மட்டும் காரணவர் இடுப்பில். வித்தியாசம் அந்தச் சாவியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. கோளாறு மருமக்கள் வழியில் மட்டும் இல்லை.

ஒரு வேலை தருகிறேன். வீட்டில் பழைய ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், இருந்தால் எடுத்துப் பாருங்கள். மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கலாம். படிக்கத் தெரிந்த பெரியவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிலம் யார் பேரிலிருந்து யார் பேருக்குப் போனது, கட்டிவந்த பெண்களுக்கு அவர்கள் பிறந்த வீட்டிலிருந்து என்ன வந்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.