பிளான் மேனேஜர் இருக்கிறார், ஆனாலும் பில்லை நான் பார்க்கிறேன்

வணக்கம். இந்தக் காகிதத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். பெயர்களையும் எண்களையும் கறுப்பு மையால் மறைத்திருக்கிறேன், இந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். சிகிச்சைப் பிரிவில் மீதி: 212 டாலர். இது என் தம்பியின் என்.டி.ஐ.எஸ். கணக்கு, இரண்டு வருடத்துக்கு முந்தையது. என்.டி.ஐ.எஸ். என்பது ஆஸ்திரேலியாவில் குறைபாடு உள்ளவர்களின் உதவிக்கு அரசு பணம் ஒதுக்கும் ஏற்பாடு; ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் பணத்தின் விவரம்தான் அவரவர் ‘திட்டம்’. இந்தக் காகிதம் என் கைக்கு வந்தபோது அவனுடைய திட்டம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

தம்பிக்கு இப்போது 27 வயது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவன். தனக்கு எது பிடிக்கும், யார் வீட்டுக்கு வரலாம், யார் வரக்கூடாது என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லிவிடுவான். ஆனால் பணக் கணக்கு அவனுக்குப் பிடிபடாது. அம்மாவுக்கு ஆங்கிலக் கடிதங்கள் புரியாது. அதனால் அவனுடைய நாமினியாக, அதாவது என்.டி.ஐ.எஸ். விஷயங்களில் அவன் சார்பில் செயல்படுபவனாக, நான் இருக்கிறேன். அந்த வருடம் அவனுடைய ஓ.டி., அதாவது தொழில்வழிச் சிகிச்சையாளர், அவனுக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்வரக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் நான்கு இருக்கை பின்னால் உட்கார்ந்திருப்பார், தம்பி முன்னால் தனியாக உட்கார்ந்து, நிறுத்தம் வரும்போது தானே மணியை அழுத்துவான். அந்த இடம் வரைக்கும் வந்திருந்தோம். பணம் தீர்ந்ததும் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

எங்களுக்குப் பிளான் மேனேஜர், அதாவது திட்டப் பணத்திலிருந்து பில்களைச் செலுத்திக் கணக்கு வைப்பவர், இல்லாமல் இல்லை. இருந்தார். நேர்மையானவர்தான், ஒரு பில்லும் தாமதமானதில்லை. நான்தான் அவருடைய வேலை என்ன என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். அவர் பணத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், பணம் போதுமா என்பதையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று நினைத்துவிட்டேன். உங்களில் பலர் எனக்கு எழுதும் செய்திகளிலும் இதே நினைப்பைப் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் காணொளி.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பணம் அரசின் சென்டர்லிங்க் உதவித்தொகை போல நம் வங்கிக் கணக்கில் வந்து விழுவதில்லை. என்னென்ன உதவிக்கு எவ்வளவு என்று திட்டத்தில் ஒதுக்கியிருப்பார்கள், உதவி கிடைத்தபின் அதற்குரிய பில் அதிலிருந்து கொடுக்கப்படும். அதைக் கொடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. என்.டி.ஐ.எஸ்.ஸை நடத்தும் என்.டி.ஐ.ஏ. நிறுவனமே நேரடியாகக் கொடுப்பது ஒன்று. அப்படியானால் பதிவுபெற்ற சேவையாளர்களிடம் மட்டும்தான் போக முடியும். நாமே நிர்வகிப்பது இன்னொன்று. யாரையும் அமர்த்தலாம், விலையும் பேசலாம், ஆனால் ரசீதுகளை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மூன்றாவது பிளான் மேனேஜர். பதிவில்லாத சேவையாளரிடமும் போகலாம், அரசு விதித்த விலை உச்சவரம்பு மட்டும் பொருந்தும். பில் செலுத்துவதும் கணக்கு எழுதுவதும் அவர் வேலை.

அவருக்கான கட்டணம் தம்பியின் உதவிப் பணத்திலிருந்து போகிறதா என்று அம்மா பல முறை கேட்டிருக்கிறார். இல்லை. திட்டத்தில் அதற்கென்றே தனியாக ஒதுக்குவார்கள். 2025–26 விலைப்பட்டியலில் அது மாதம் 104 டாலர் 45 சென்ட். பிளான் மேனேஜர் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பணம் சிகிச்சைக்கு வந்து சேராது. அதனால் தயங்காமல் கேளுங்கள். திட்டக் கூட்டத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

சரி, அந்த 212 டாலருக்கு வருகிறேன். அப்போது ஓ.டி.க்கு மணிக்கு 193 டாலர் 99 சென்ட் வரை வாங்கலாம் என்று இருந்தது. நான் என் மனதில் வாரம் ஒரு மணிநேரம் என்று மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். பில்களைப் பின்னோக்கி ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தபோதுதான் மற்றவை கண்ணில் பட்டன. அறிக்கை எழுத ஆறு மணிநேரம். ஆறை அந்த விலையால் பெருக்கினால் 1,163 டாலர் 94 சென்ட். பயண நேரம் தனி. தம்பிக்குக் காய்ச்சல் என்று காலையில் சொல்லி ரத்து செய்த இரண்டு நாளுக்கும் முழுக் கட்டணம். இதில் எதுவுமே திருட்டு இல்லை. எல்லாம் விதிப்படி வாங்கக்கூடியவை, நான் கையெழுத்திட்ட சேவை ஒப்பந்தத்திலும் இருந்தவை. பிளான் மேனேஜர் ஒவ்வொரு பில்லாகச் சரிபார்த்தார், ஒவ்வொன்றும் சரியாக இருந்தது, செலுத்தினார். எல்லாம் சேர்ந்து வருடத்துக்குப் போதுமா என்று பார்க்க வேண்டியது நான். அவர் மாதாமாதம் அனுப்பிய அறிக்கையை நான் திறக்கவே இல்லை.

அன்றாட உதவிப் பிரிவில் அப்போது பணம் மிச்சம் இருந்தது. அதிலிருந்து எடுத்துச் சிகிச்சைக்குக் கொடுங்கள் என்று பிளான் மேனேஜரிடம் கெஞ்சினேன். பிரிவு விட்டுப் பிரிவு மாற்ற முடியாது என்றார். அவரால் முடிந்தால் செய்திருப்பார்.

அதன்பின் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில், பில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், நான் சரி என்று சொன்ன பிறகே செலுத்துங்கள் என்று அவரிடம் கேட்டேன். பல பிளான் மேனேஜர்கள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். கேட்டால்தான் செய்வார்கள். பிறகு ஓ.டி.யிடம் போய், இந்த வருடத்துக்குத் தேவையான மணிநேரம் எவ்வளவு, அதில் அறிக்கைக்கு எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கினேன். அவர் கொஞ்சமும் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் யாரும் கேட்டதில்லை என்றார்.

இந்தக் கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும். நம் ஆட்கள் நடத்தும் சேவைகள் இப்போது நிறைய இருக்கின்றன. தமிழில் பேசலாம், அம்மாவுக்கும் நிம்மதி. எங்களுக்கும் வேறொரு சமயத்தில் அப்படி ஒரு அக்கா இருந்தார். அவர் இருந்த நிறுவனம்தான் தம்பியை வெளியே அழைத்துப்போகும் ஆட்களையும் அனுப்பியது, பில்லையும் செலுத்தியது. நான்கு மணிநேரம் என்று பில் வரும், தம்பி மூன்று மணிநேரத்தில் வீடு திரும்பியிருப்பான். கேட்க வாய் வராது. கோயிலில் பார்ப்போம், கல்யாண வீட்டில் பார்ப்போம், அவரிடம் போய் ஒரு மணிநேரக் கணக்கு கேட்பதா என்று அம்மா தடுத்துவிடுவார். கடைசியில் நான் கேட்டேன். பதில் வரவில்லை, உறவுதான் கசந்தது. உதவி செய்பவரும் பணம் செலுத்துபவரும் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டாம் என்பது அன்றிலிருந்து என் முடிவு. சட்டம் அதை முற்றாகத் தடுக்கவில்லை. ஆனால் யாருடைய பில்லை யார் சரிபார்க்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்ற வேண்டும் என்றால் மாற்றலாம். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு வேறு பிளான் மேனேஜரிடம் போகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. புதியவர் பதிவுபெற்றவரா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், பிளான் மேனேஜருக்குப் பதிவு கட்டாயம். முறைகேடு நடந்ததாகத் தோன்றினால் என்.டி.ஐ.எஸ். தர மற்றும் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம், எண் 1800 035 544.

இன்னொரு குழப்பம். சப்போர்ட் கோஆர்டினேட்டர் வேறு, பிளான் மேனேஜர் வேறு. சேவைகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துவைப்பவர் முன்னவர். எல்லோருடைய திட்டத்திலும் அவருக்குப் பணம் ஒதுக்குவதில்லை.

இப்போது புதிதாக வந்திருக்கும் காலப் பகுப்பு. 2025 மே 19க்குப் பிறகு வரும் திட்டங்களில் பணத்தை மொத்தமாகத் திறந்துவிடுவதில்லை, பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு பங்கு. 12,000 டாலர் என்றால் 3,000 வீதம் நான்கு முறை. மிஞ்சினால் அடுத்த காலத்துக்குப் போகும், அடுத்த திட்டத்துக்குப் போகாது. முன்கூட்டி எடுக்க முடியாது. இதனால் பலர் கோபமாக இருக்கிறார்கள், நியாயமான கோபம். உடல்நிலை திடீரென்று மோசமாகிறவருக்கு இது பெரிய இடைஞ்சல். எங்கள் விஷயத்தில், அந்த வருடமே இப்படி இருந்திருந்தால் மூன்றாம் மாதமே எனக்கு உறைத்திருக்கும். இரண்டையும் சொல்ல வேண்டும் அல்லவா.

ஒதுக்கியதே போதாது என்றால் அது பிளான் மேனேஜரிடம் சொல்லித் தீரும் விஷயம் இல்லை. திட்டம் பற்றிய முடிவு கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் என்.டி.ஐ.ஏ.விடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் உடனே குறித்துவிடுங்கள்.

போன முறை ஒருவர் கேட்டிருந்தார், பிரிட்ஜிங் விசாவில், அதாவது விசா முடிவு வரும்வரை தரும் தற்காலிக விசாவில் இருக்கிறோம், மகளுக்கு என்.டி.ஐ.எஸ். கிடைக்குமா என்று. கிடைக்காது. குடியுரிமை, நிரந்தர விசா, அல்லது நியூசிலாந்துக்காரர்களில் சிலருக்கு இருக்கும் பாதுகாக்கப்பட்ட சிறப்பு விசா, இவற்றில் ஒன்று வேண்டும். வருடக்கணக்காக விசாவுக்குக் காத்திருக்கும் நம் குடும்பங்களில் இப்படி எத்தனையோ பிள்ளைகள். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. விசா முடிவு வந்த அன்றே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள், மருத்துவ அறிக்கைகளை இப்போதே சேர்த்து வையுங்கள்.

ஆங்கிலம் வராத பெற்றோர்கள் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்து, ‘தமிழ்’ என்று சொல்லி, என்.டி.ஐ.எஸ். எண்ணான 1800 800 110க்கு இணைக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கிடையாது, திட்டத்திலிருந்தும் எடுக்க மாட்டார்கள். அம்மா போன மாதம் முதல்முறையாகத் தானே அழைத்துப் பேசினார். இருபது நிமிடம். நான் பக்கத்து அறையில் இருந்தேன், உள்ளே போகவில்லை.

இதோ மேசைமேல் இந்த வாரத்துப் பில்கள் மூன்று இருக்கின்றன. இரண்டுக்குச் சரி சொல்லிவிட்டேன். மூன்றாவதில் பயண நேரம் நாற்பது நிமிடம் என்று இருக்கிறது, அவருடைய அலுவலகம் பத்து நிமிடத் தூரம். கேட்டு எழுதப் போகிறேன். அதற்கு முன் வாசலுக்குப் போக வேண்டும், நாலரை மணி பஸ்ஸில் தம்பி வருவான். பின் இருக்கையில் இப்போது யாரும் இல்லை.